அப்பாவின் கரையில் கிடந்த இரும்பு

1

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு எழுதுகிறவர்கள் பனியைப் பற்றி எழுதுவார்கள். நான் இருக்கும் பேர்த் நகரத்தில் பனி பெய்வதில்லை. வெயிலும் மணலும் உப்புக்காற்றும் எங்கள் ஊர் மாதிரித்தான். பிறகு எதை எழுதுவது? என்னிடம் கோபம் இருக்கிறது. ஊரைவிட்டு வரும்போது கையோடு கொண்டு வந்தது. சுங்கத்தில் சூட்கேசைத் திறந்து மாசிக்கருவாட்டைப் பிடுங்கி எறிந்தார்கள், இதை விட்டுவிட்டார்கள். இருபது வருடத்துக்கு மேலாக இங்கே வைத்து வளர்த்திருக்கிறேன்.

இலங்கையின் மேற்குக் கரையில், மாம்புரிக்குச் சற்று வடக்கே, கடற்பக்கமாக இருக்கிறது எங்கள் சின்ன ஊர். சவிரிமுத்துச் சம்மாட்டியின் மூத்த மகள் ஸ்டெல்லாவுக்கு அவுஸ்திரேலியாவில் பிளேனில் வேலை என்று அங்கே சொல்லிக்கொள்கிறார்கள். நான் பிளேனில் ஏறுவது இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் இருப்பதில் மலிவான ரிக்கெட்டில். பறப்பவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் அளந்து கொண்டு வருவதை மேசையில் இருந்து வாசித்து, அடியில் என்ன இருக்கிறது என்று சொல்வதுதான் என் வேலை.

சிறிய விமானம் ஒன்று தாழப் பறந்து, உழவு உழுவது மாதிரி வரிவரியாகப் போய் வரும். அதில் இரண்டு கருவிகள். ஒன்று பூமியின் இழுப்பை அளக்கும். அடியில் பாரமான பாறை இருந்தால் இழுப்பு ஒரு பொட்டு கூடும், மணலும் சுண்ணாம்பும் திரண்டு கிடந்தால் ஒரு பொட்டு குறையும். மற்றது காந்தத்தை அளக்கும். இரும்புச் சத்துள்ள பாறை எங்கே இருந்தாலும் அதற்குத் தெரியும். இரண்டையும் படமாக்கி ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால், ஒரு குழி தோண்டாமலே நிலத்துக்கு அடியில் எது எங்கே சரிகிறது, எங்கே உடைந்திருக்கிறது என்று ஓரளவுக்குச் சொல்லலாம். தண்ணீர் தேடுகிறவர்கள், எண்ணெய் தேடுகிறவர்கள், கனிமம் தேடுகிறவர்கள் எல்லாரும் இதற்குக் காசு கொடுக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் நாளொன்றுக்கு ஒரு பாலைவனம் வந்து போகும்.

இந்த வருடத் தொடக்கத்தில் வந்த கோப்பைத் திறந்தேன். இலங்கையின் மேற்குக் கரை. சிலாபத்திலிருந்து வடக்கே, கற்பிட்டி முனை வரைக்கும், கரையை ஒட்டிய கடலும் சேர்த்து.

2

அதே வாரம்தான் என் மகள் மெலனி தன் கணினியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். தமிழ் விளங்கும், கதைக்கச் சொன்னால் பல்லுக் கொதிக்கிறவள் மாதிரி முகத்தைச் சுழிப்பாள். அன்றைக்கு அவளாகவே தமிழில் தொடங்கினாள். அப்படித் தொடங்கினால் ஏதோ கேட்கப் போகிறாள் என்று அர்த்தம்.

“அம்மா, இஞ்ச பாருங்க. உங்கட ஊர். நாங்க நாலு பேர் ஜூலையில போறம். கைட் பண்ண.”

பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டு. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் அதற்கென்று உலகம் முழுவதிலுமிருந்து எங்கள் பக்கத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். எங்கள் ஆட்கள் கடலுக்கு இறங்கப் பயப்படும் அதே காற்று.

படத்தில் ஒரு ஹோட்டல். மணலில் வரிசையாகச் சாய்கதிரைகள். எனக்கு அந்தக் கரையைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தென்னை போய்விட்டது, வலை வைக்கிற குடிசையான வாடி போய்விட்டது, ஆனாலும் குடாவின் வளைவை யாரும் வெட்டி எடுக்க முடியாதே. கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள்: மனிதர் கை படாத குடா, மீன்வலைகளின் தொந்தரவு இல்லாத கரை.

அதற்குப் பக்கத்தில் முதலாளியின் படம். தலை முழுக்க வெள்ளை. வெள்ளைச் சேட்டு, கழுத்தில் தங்கச் சிலுவை, கையில் ஒரு சறுக்குப் பலகை. இஞ்ஞாசி முதலாளி. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது என்னைக் கையில் ஏந்தி நின்றவர். என் ஞானத்தகப்பன்.

“நீ போகமாட்டாய்” என்றேன்.

“ஏன்?”

சொன்னேன். அடுப்பை நிறுத்திவிட்டு, முழுவதையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள் என்றுதான் நினைத்தேன்.

“வலை கிழிஞ்சதுக்கா இவ்வளவு வருஷம் கோபம்? புதுசு வாங்கலாம்தானே?”

“வாங்கினம். அதுவும் கிழிஞ்சது.”

“சரி, அம்மா, ஆனா அது எப்பவோ நடந்தது.” இதை ஆங்கிலத்தில் சொன்னாள். முக்கியமானது எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் சொல்வாள். அவளுக்கு அது கதை. அன்றிரவு நான் சாப்பிடவில்லை என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை. அவளில் பிழை சொல்லி வேலையில்லை, கடல் பார்த்து வளர்ந்தாலும் கடலில் பிழைத்து வளர்ந்த பிள்ளை இல்லை அவள்.

3

கரைவலை என்றால் என்ன என்று எங்கள் கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மற்ற ஊர்களில் இதை வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கயிற்றைக் கரையில் பிடித்துக்கொண்டு, வள்ளத்தில் வலையை ஏற்றி, கடலில் அரைவட்டமாகப் போட்டுக்கொண்டே போய், மற்றக் கயிற்றோடு இன்னோர் இடத்தில் கரைக்கு வருவார்கள். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். வலை கடலின் அடியைத் துடைத்துக்கொண்டு வரும். அதனால் அடி சுத்தமாக இருக்கவேண்டும். ஒரு கல், ஒரு கட்டை கிடந்தாலும் வலை போச்சு. இந்த இடம் முதல் இந்த இடம் வரை இன்ன குடும்பத்துக்கு என்று கரை பிரிந்திருக்கும். அதைப் பாடு என்போம். வலையின் சொந்தக்காரர் சம்மாட்டி. அப்பா பெரிய சம்மாட்டி இல்லை. ஒரு வலை, ஒரு வள்ளம், ஒரு வாடி. ஆனால் எங்கள் பாட்டின் அடி, விரித்த பாய் மாதிரிச் சுத்தம்.

பக்கத்துப் பாடு இஞ்ஞாசி முதலாளியுடையது. அவருக்குக் கடல் ஒரு கை, கரைக்குள் கிடக்கும் உப்புநீர்க் களப்பு ஒரு கை. புத்தளம் களப்பில் உப்பு மூடை ஏற்றுகிற பெரிய தட்டை இரும்பு வள்ளம் ஒன்றும் அவரிடம் இருந்தது. அது பழசாகி, ஓட்டை விழுந்து, சும்மா கிடந்தது.

ஒரு நாள் வாடிக்கு வந்து அப்பாவிடம் கேட்டார்.

“சவிரி, இந்தக் கரையை எனக்குத் தா. வெள்ளைக்காரன் வாறான், ஹோட்டல் ஒண்டு போடுவம். உனக்கும் பங்கு.”

“வலையை எங்க காயப்போடுற?” என்று கேட்டார் அப்பா. அவ்வளவுதான் பேச்சு.

கச்சான் காலத்தில் கடல் கொந்தளிக்கும். எங்கள் ஆட்கள் வாடியைக் கட்டிவைத்துவிட்டு வலையோடு கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். கரையில் நாயும் நண்டும்தான். அந்த வருடம் திரும்பி வந்து முதல் வலை போட்டபோது, பாதி இழுவையில் வலை எதிலோ மாட்டிக்கொண்டது. இழுத்தார்கள். மீன் சேருகிற மடி கிழிந்து வந்தது. கிழிந்த இடத்தில் துருக் கறை. இஞ்ஞாசி முதலாளியின் இரும்பு வள்ளமும் களப்பில் இல்லை. கேட்டவர்களுக்கு, நீர்கொழும்பில் பழைய இரும்புக்காரனுக்கு வித்தாச்சு என்றார்.

அப்பா சும்மா இருக்கவில்லை. ஊரைக் கூட்டினார். இளந்தாரிகள் மூன்று பேர் மூச்சடக்கிச் சுழியோடிப் பார்த்தார்கள். கச்சான் போட்ட மணல் எல்லாவற்றையும் மூடியிருந்தது. ஒன்றுமில்லை, வெறும் மணல் என்று சொல்லிவிட்டு ஏறினார்கள். வலையைப் போட்டால் மட்டும் கிழிந்தது.

எங்கள் ஊரில் வழக்குத் தீராவிட்டால் அந்தோனியாரிடம் போவோம். இரண்டு பக்கத்தாரும் அவருடைய சுருவச் சிலையின் முன்னால் நின்று, ஒரே மெழுகுதிரியை இருவரும் பிடித்துக்கொண்டு சத்தியம் பண்ணவேண்டும். அப்பா சொன்னார்: “என்ட பாட்டில இரும்பு கிடக்குது. போட்டது இவன்.” இஞ்ஞாசி முதலாளி சொன்னார்: “அந்தக் கடல்ல நான் ஒரு ஆணியும் போடல்ல.” மெழுகுதிரி அணையவில்லை, யார் கையும் நடுங்கவில்லை. ஆனால் சுழியோடியவர்கள் வெறும் மணலைத்தான் கண்டார்கள். ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

அந்தோனியார் முன்னால் பொய்ச்சத்தியம் பண்ணியவனின் வலையை எங்கள் கரையில் யாரும் இழுக்கமாட்டார்கள். மடியில் மீன் ஏறாது என்பது நம்பிக்கை. ஆட்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அப்பா புது வலை வாங்கி, கூலிக்கு வெளியூர் ஆட்களைப் பிடித்துப் பார்த்தார். அதுவும் கிழிந்தது. சில பருவம் வலை விழாமல் கிடந்தால் பாடு அடுத்தவனுக்குப் போகும். போனது. வாடி இருந்த கரையும் சேர்ந்து இஞ்ஞாசி முதலாளியிடம் போனது. அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு பெயர் வந்தது, பொய்ச்சவிரி. சின்னப்பிள்ளைகள்கூட அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு ஓடுவார்கள். அம்மா சாகும் வரைக்கும் கோவிலில் கடைசி வாங்குப் பலகையில்தான் இருந்தார்.

இஞ்ஞாசி முதலாளி என்னைக் கண்டால் தலையில் கை வைத்து, “நல்லாப் படி, மகள்” என்பார். நான் படித்தேன். அவருடைய கை பட்ட தலைமயிரைப் பிடுங்கி எறியவேண்டும் போலிருந்த ஆத்திரத்தில்தான் படித்தேன். நல்ல எண்ணத்தில் படித்தவர்கள் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டார்கள் என்று சில வேளை நினைப்பேன்.

4

கோப்பு வந்ததும் முதலில் என் ஊரைத்தான் தேடினேன். யார்தான் தேடமாட்டார்கள்?

இழுப்புப் படத்தில் அது வேறு நாடு. தென்னை இல்லை, கோவில் இல்லை, உப்பளம் இல்லை. கிழக்கே பழைய கரும்பாறை மேலே நிற்கிறது. புத்தளம் பக்கம் வரவர அது உடைந்து, படிபடியாக மேற்கே இறங்குகிறது. அதன் மேல் சுண்ணாம்பும் மணலும் கனத்துக்கொண்டு போகிறது. நாங்கள் ஓடி விளையாடிய தரை அடியில் அவ்வளவு பள்ளமாம். என்னைக் கேட்டவர்களுக்கு அந்தப் படிகள்தான் வேண்டும். நானும் ஒழுங்காகக் கோடு போட்டேன், ஆழம் கணக்குப் பார்த்தேன். சம்பளம் தருகிறவர்களுக்கு நான் என்றைக்கும் குறை வைத்ததில்லை.

காந்தப் படத்தில் ஆழத்தில் இருப்பது அகலமாகப் பரந்து தெரியும். மேலே இருப்பது ஒடுங்கி, கூராகத் தெரியும். காற்றாலைத் தூண், தகரக் கூரை, நிறுத்திய லொறி எல்லாம் கூர் கூராக வந்து நிற்கும். அவை பாறையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதனால் முதல் வேலையாக அவற்றை அழித்துவிடுவோம். மனிதர் போட்ட இரைச்சல் என்று பெயர். கரையோரம் என்றால் கணினியே பாதியை அழித்துவிடும்.

நான் அழிக்காத மூலப்படத்தைத் திறந்தேன். எங்கள் பாடு. கரையிலிருந்து வலையின் மடி போய் விழுகிற தூரத்தில் காந்த அளவில் ஒரு சின்னப் பள்ளம். வடக்கிலும் தெற்கிலும் சின்ன மேடு.

இங்கே அவுஸ்திரேலியாவில் இரும்புக்கு மேலே படத்தில் மேடு வரும். எங்கள் ஊர் பூமிக் காந்தத்தின் நடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் தலைகீழ். இரும்புக்கு நேர்மேலே பெரும்பாலும் பள்ளம்தான் விழும். எனக்கு அது பாடப்புத்தகத்தில் படித்த விஷயம். அன்றைக்குத்தான் அதை நெஞ்சில் வாங்கினேன். சுழியோடிய இளந்தாரிகள் காணாததை, மணலால் மூடி இத்தனை வருடம் கிடந்ததை, ஊரே இல்லை என்று சொன்னதை, மேலே பறந்து போன ஒரு கருவி கண்டிருக்கிறது. மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு சிரித்தேன். பக்கத்து மேசைக்காரி தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டாள்.

எங்கள் பிரிவின் தலைவர் கிறேக் நல்ல மனிதர். படத்தைப் பார்த்துவிட்டு, “கடலில் போன படகாக இருக்கும், அழித்துவிடு” என்றார்.

இரண்டு கோடுகளைக் காட்டினேன். ஒன்று வடக்குத் தெற்காகப் பறந்தது, மற்றது அதைக் குறுக்கே வெட்டிப் பறந்தது. வேறு வேறு நாட்கள். இரண்டிலும் அதே இடத்தில் அதே பள்ளம். போகிற படகு அங்கேயே நின்றுகொண்டிருக்காது. பாறையாக இருந்தால் இவ்வளவு ஒடுக்கமாக வராது. அவர் தலையாட்டினார்.

“அப்படியென்றால் கடலடியில் இரும்பு. ஆபத்துப் பகுதியில் சேர்த்து எழுது. கரையில் ஏதாவது கட்டுகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும். பழைய கப்பலோ என்னவோ. எத்தனை வருடம் கிடக்கிறது?”

“அது அளவீட்டில் தெரியாது.”

“அப்போ தெரியாது என்றே எழுது.”

இது என் அப்பாவின் கரை என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு அது அழகான செய்தியாகப் பட்டது. உன் அப்பாவுக்கு நல்ல பரிசு என்று தோளில் தட்டினார். நான் எழுதினேன்: கடலடியில் புதைந்த இரும்புப் பொருள், கப்பற் சிதைவாக இருக்கலாம், வயது தெரியாது.

ஒரு எழுத்தும் பொய்யில்லை. காந்தத்துக்கு இரும்பைத் தெரியும், இரும்பின் சொந்தக்காரனைத் தெரியாது. எனக்குத் தெரிந்ததை நான் எழுதவில்லை. கப்பற் சிதைவு என்ற சொல் அங்கே போய் என்ன செய்யும் என்றும் எனக்குத் தெரியும். எழுதி முடித்து, ஒருமுறைக்கு இருமுறை வாசித்து, மிகுந்த சந்தோசத்தோடு அனுப்பினேன்.

5

எங்கள் நாட்டில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட கப்பற் சிதைவென்றால் யாரும் தொட முடியாது. வயது தெரியாதென்றால், தெரியும் வரைக்கும் தொட முடியாது. இதைத்தான் நான் நம்பியிருந்தேன்.

அலுவலகங்கள் ஒன்றுக்கொன்று எழுதத் தொடங்கின. கடற்கரையைப் பார்க்கிற அலுவலகம் தொல்பொருளைப் பார்க்கிற அலுவலகத்துக்கு எழுதியது. அங்கிருந்து எனக்கு ஒரு மெயில் வந்தது, வயதை அண்ணளவாகவாவது சொல்ல முடியுமா என்று. முடியாது, மன்னிக்கவும் என்று பதில் போட்டேன். அதே கேள்வி இன்னொரு கையொப்பத்தோடு வந்தது. அதே பதிலைப் போட்டேன். அரசாங்கக் கடிதங்களுக்கு இவ்வளவு ஆசையாக நான் என்றைக்கும் பதில் எழுதியதில்லை.

ஊர்ச் செய்தி தம்பி ஜெறோமிடமிருந்து வரும். அவன் மாம்புரியில் ஓட்டோ ஓடுகிறான். கொழும்பிலிருந்து வந்த அதிகாரிகளைக் கரைக்கு ஏற்றிக்கொண்டு போனதே அவன்தான்.

“அக்கா, வந்து நாலு பக்கமும் மிதவை கட்டிட்டாங்க. அதுக்குள்ள போட் ஓடக்கூடாதாம், நங்கூரம் போடக்கூடாதாம், கம்பு நடக்கூடாதாம்.”

“ஹோட்டல்?”

“புது இறங்குதுறை கட்டுறது நிண்டுபோச்சு. காப்பாத்துற போட் ஓடாட்டி வெள்ளைக்காரன் பட்டம் விட வரமாட்டானாம். எல்லாரும் மற்ற ஹோட்டலுக்குப் போறாங்க.” அவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

“சுழியோடிப் பார்க்கல்லையா?”

“கச்சான் தொடங்கிட்டுதே. கலங்கல். ஒண்டும் தெரியாது. காத்து விழுந்த பிறகுதான் மணலைக் கிண்டிப் பார்ப்பாங்களாம்.”

இரும்பை மறைத்து வைக்க இஞ்ஞாசி முதலாளிக்கு உதவிய அதே கச்சான். ஹோட்டலுக்கு ஆள் வருவதும் அந்த மாதங்களில்தான். காலம் இப்படிப் பொருந்துமென்று நான் திட்டமிடவில்லை, ஆனால் தடுக்கவும் போவதில்லை.

“றிப்போட் எழுதினது ஆரெண்டு சனத்துக்குத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“நான்தான் சொன்னன். சும்மா இல்ல அக்கா, ஓட்டோவில ஏறின ஒவ்வொருத்தருக்கும் சொன்னன்.”

அப்பாவிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னேன். எப்படிச் சொல்வதென்று முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன், ஆனால் வாயில் வந்தது இவ்வளவுதான்.

“அப்பா, இரும்பு இருக்குது. நான் கண்டன்.”

“எனக்குத் தெரியும்தானே” என்றார் அவர். அது எனக்குக் கொஞ்சம் சுட்டது. உண்மைதான், கண்டுபிடித்தது நான் இல்லை. அவருக்கு இரும்பு கிடைத்ததால் ஒன்றுமில்லை. அவர் பொய் சொல்லவில்லை என்று ஊர் சொல்லவேண்டும். அதற்கு இரும்பு போதாது. நாளைக்கு மணலைக் கிண்டி எடுத்தாலும் சவிரிதான் போட்டான் என்று சொல்ல இஞ்ஞாசிக்கு வாய் இருக்கிறது. அந்த வாயால்தான் அது வரவேண்டும்.

6

அவர் ஒரு பின்னேரம் தொலைபேசி எடுத்தார். நான் மீன் குழம்பைக் கூட்டிக்கொண்டிருந்தேன். தெரியாத இலங்கை இலக்கம்.

“மகள், நான் இஞ்ஞாசி. உன்ட ஞானத்தகப்பன்.”

“சொல்லுங்க.”

“சுகமா இரிக்கியா? பிள்ளை எப்பிடி?”

“நல்லா இருக்கிறா. உங்கட ஹோட்டலுக்கு வரத்தான் இருந்தவ. அங்க போட் ஓடாதாமே?”

அவர் இருமினார். வயது போன இருமல். எனக்கு இரக்கம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை.

“நீ எழுதின ஒரு சொல்லால எங்கட பிழைப்பு நிக்குது மகள். பழைய கப்பல் இல்ல, குப்பை இரும்பு எண்டு மாத்தி எழுது. உனக்குத் தெரியும்தானே.”

“எனக்கு எப்பிடித் தெரியும்? நாங்க மேல இருந்து பாக்கிறது. இரும்பு எண்டு மட்டும்தான் காந்தம் சொல்லும். ஆர் போட்ட, எப்ப போட்ட எண்டு சொல்லாது.”

“இல்ல, மகள்…”

“தெரிஞ்ச ஆள் ஆரும் இருந்தா சொல்லட்டும். அவர் சொன்னதா நான் எழுதுறன். அதுக்கு மாத்தி எழுதுற வழி இருக்குது.”

மறுபக்கத்தில் கடல் இரைவது கேட்டது. எங்கள் கரையில் நின்றுதான் கதைக்கிறார் போலும்.

“அது என்ட உப்பு வள்ளம்” என்றார் கடைசியில்.

இந்த ஒரு வரியை என் காதால் கேட்பதற்காக நான் என்னவெல்லாம் கொடுத்திருப்பேன். குழம்பு அடிப்பிடித்தது, அதை விட்டுவிட்டேன்.

“என்னட்டச் சொல்லி என்ன? நான் கொழும்பு அலுவலகமும் இல்ல, அந்தோனியாரும் இல்ல.”

“அப்ப ஆருக்குச் சொல்ல?”

“எங்க நிண்டு சத்தியம் பண்ணினீங்களோ, அங்க நிண்டு சொல்லுங்க. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, சனம் கலையிறதுக்கு முந்தி. அப்பா நிக்கவேணும். அதுக்குப் பிறகு கொழும்புக்கு எழுதிக் குடுங்க. நான் அண்டைக்கே மாத்தி எழுதின என்ட பக்கத்தை அனுப்புறன்.”

“மகள், எனக்கு எண்பது வயசு.”

“அப்பாக்கும் அதுதான்.”

“உன்னை நான் கையில ஏந்தினவன்.”

“அந்தக் கையாலதான் மெழுகுதிரியையும் பிடிச்சீங்க.”

அவர் வைத்துவிட்டார். இது மிரட்டல்தானே என்று இதை வாசிக்கிற நல்ல மனிதர்கள் கேட்பார்கள். ஓம், மிரட்டல்தான். மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் கேட்டே வளர்ந்தவள் நான். பொய்ச்சவிரியின் மகள் என்று பள்ளிக்கூட வாங்கில் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தபோது அந்தப் பிரசங்கம் வைத்தவர் யாரும் பக்கத்தில் வந்து இருக்கவில்லை. காற்று விழும் வரை பொறுத்திருந்தால் மிதவையை எப்படியும் எடுப்பார்கள் என்று அவருக்கும் தெரியும். ஆனால் அதற்குள் இந்தப் பருவம் போய்விடும். பருவம் போவதென்றால் என்னவென்று அவருக்கு இப்போது விளங்கியிருக்கும்.

7

ஞாயிற்றுக்கிழமை ஜெறோம் வட்ஸ்அப்பில் நேரடிப் படத்தோடு அழைப்பு எடுத்தான். மெலனி தானாகவே வந்து என் பக்கத்தில் இருந்தாள். காலை எழும்பமாட்டாத பிள்ளை, தலைகூட வாரி இழுக்காமல் வந்திருந்தாள்.

பூசை முடிந்திருந்தது. சனம் போகாமல் நின்றது. ஜெறோம் ஓட்டோவில் ஏற்றிச் சொன்னதெல்லாம் வேலை செய்திருக்கவேண்டும், பக்கத்து ஊர் ஆட்களும் நின்றார்கள். அந்தோனியார் சுருவத்தின் முன்னால் சுவாமியார் ஒரு கரையாக நின்று கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். அப்பா வெள்ளைச் சாரம் கட்டி, கஞ்சி போட்ட சேட்டுப் போட்டு, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அனுப்பிய சேட்டுத்தான். மடிப்புக்கூடக் கலையவில்லை.

இஞ்ஞாசி முதலாளியை அவருடைய மகன் தாங்கிக் கொண்டுவந்தான். படத்தில் இருந்ததை விடச் சிறுத்துப் போயிருந்தார். மெழுகுதிரி கொளுத்திக் கொடுத்தார்கள். அப்பாவும் ஒரு கையால் அதைப் பிடித்தார். பழைய முறைப்படிதான்.

முதலாளி நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

அப்பா காதில் கையை வைத்தார். “என்ன? கேக்கல்ல.”

“சவிரியிட பாட்டில என்ட இரும்பு வள்ளத்தை நான்தான் கடல்ல தாட்டன்.”

சனத்துக்குள் ஒரு சத்தம் எழும்பி அடங்கியது. ஜெறோம் படத்தை முதலாளியின் முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனான். எனக்கு அவர் விழவேண்டும் போலிருந்தது. அங்கேயே, எல்லார் முன்னாலும். அப்பா இனி என்ன செய்வார் என்று பார்த்தேன். அழுவார் என்று நினைத்தேன். கட்டிப்பிடித்துவிடுவாரோ என்றுகூடப் பயந்தேன், அவர் அப்படிப்பட்ட மனிதர்தான்.

“உரத்துச் சொல்லு, இஞ்ஞாசி. பின்னுக்கு நிக்கிற சனத்துக்குக் கேக்கல்லயாம்.”

முதலாளி திரும்பவும் சொன்னார். பொய்ச்சத்தியம் பண்ணினது நான், சவிரி இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். மகன் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டான். சுவாமியார் முன்னால் வந்து, “போதும், சவிரிமுத்து, மன்னிச்சிரு” என்று மெதுவாகச் சொன்னார்.

அப்பா சுவாமியாரைப் பார்க்கவேயில்லை. மற்றக் கையைக் காதுக்குக் கொண்டுபோனார்.

“என்ன, இஞ்ஞாசி? இன்னொருக்கா.”

மெலனி என் கையைப் பிடித்தாள். “தாத்தாக்குக் காது கேக்காதா, அம்மா?”

“நல்லாக் கேக்கும்” என்றேன்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கதிரையை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டு, சத்தத்தைக் கூட்டினாள். இஞ்ஞாசி முதலாளி இன்னொரு முறை சொல்லத் தொடங்கினார்.